எந்த வெள்ளிக்கிழமை?

"அப்பம், வாற செவ்வாக்கிழமை, திருவேங்கடத்துல, காது குத்து. அப்படித்தானே அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு, கடைக்கு வந்தவரின் முகத்தைக் கூர்ந்து பார்க்கிறார் மூக்காண்டி. வந்தவர் சொன்னது புதன்கிழமை. ஊர் கரிவலம்வந்தநல்லூர். விசேஷம் மகளுக்குச் சடங்கு. மனிதர் பதறிப்போய் மூன்றையும் முதலிலிருந்து சொல்லத் தொடங்குகிறார். மூக்காண்டி கண்ணை மூடிக்கொண்டு, நல்ல கச்சேரி கேட்கிறவர் மாதிரி தலையை ஆட்டியபடி கேட்கிறார். முடிந்ததும், "சரி, நீங்க முழிச்சிருக்கிய. ரேடியோ செட்டு வந்துரும், போயிட்டு வாங்க" என்கிறார்.

இப்படிப் பதறுகிறவர்களை அவருக்குப் பிடிக்கும். என்ன சொன்னாலும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டுகிறவர்கள்தான் ஆகாது. அப்படிப்பட்டவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்து, எதிர்க்கடையிலிருந்து டீ வரவழைத்துக் கொடுத்து, கல்யாணமா கோயில் கொடையா என்பதிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். விஷயம் தெரியாத வெளியூர்க்காரர்கள், சத்தத்துக்கு நடுவிலேயே கிடந்து ஆளுக்குக் காது போய்விட்டது போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு, அடிவயிற்றிலிருந்து கத்திச் சொல்லிவிட்டுப் போவதும் உண்டு. அதையும் அவர் சந்தோஷமாகவே ஏற்றுக்கொள்கிறார்.

சங்கரன்கோவில் தெற்கு ரத வீதி முனையில் இருக்கிறது கடை. ரேடியோ செட், குழல்விளக்கு, சீரியல் பல்பு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். கடைக்குப் போர்டு எழுதிய பெயின்டர் 'ஒலி ஒளி அமைப்பாளர்' என்று எழுத வேண்டியதை 'ஒலி ஒழி அமைப்பாளர்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிற அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள், யாரோ நல்ல மனுஷன் வேண்டுமென்றே எழுதியிருக்கிறான் என்று நினைத்திருந்தார்கள். ஒரு தமிழ் வாத்தியார் வந்து சொல்லும்வரை மூக்காண்டிக்குத் தெரியாது. தெரிந்ததும் அவரே ஏணி போட்டு ஏறி, 'ழி'யின் மேல் ஒரு கோடு இழுத்து, தலைக்கு மேலே சின்னதாக 'ளி' என்று எழுதினார். போர்டைப் புதிதாகவே எழுதிவிடலாமே என்று வாத்தியாருக்கு மனக்குறை.

"அடிச்சுத் திருத்துனது தெரியணும் சார்" என்றார் மூக்காண்டி. "அழிச்சு எழுதிட்டம்னு வைங்க, நாலு நாள்ல, நம்ம என்னைக்குமே சரியாத்தான் எழுதினோம்னு நமக்கே தோணிப்போவும்."

செட்டைக் கட்டி முடித்தால் மற்றவர்களைப் போல மைக்கைத் தட்டி, ஊதி, 'ஹலோ ஹலோ' என்று சொல்லித் திருப்திப்பட்டுக்கொள்ள மாட்டார். ஒரு பாட்டைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று தெருக்கோடிக்கு நடந்துவிடுவார். அங்கே நின்று காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் கேட்பார். மீன்காரம்மாவோ சைக்கிளில் போகிறவரோ யார் அகப்பட்டாலும் நிறுத்தி, பாட்டு புரிகிறதா, இரைச்சலாக இருக்கிறதா என்று விசாரிப்பார். ஒலிபெருக்கிக் குழாய்க்கு அடியில் நிற்கிறவனுக்கு எல்லாம் நன்றாகத்தான் கேட்கும் என்பது அவர் கட்சி. இந்தப் பழக்கம் வீடுவரைக்கும் போயிருக்கிறது. மனைவி சங்கரம்மாளிடம் கோபமாக ஏதாவது சொல்லிவிட்டால், வாசல்வரை போய் நின்று, "இப்பம் நான் சொன்னது அங்கன எப்படிக் கேட்டுச்சு?" என்று கேட்கிறாராம். சங்கரம்மாள் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

கேசட் வந்த புதிதில், இது ஆறு மாதம் தாங்காது, நாடா சிக்கிக் கல்யாண வீட்டில் மானம் போகும் என்று பஜார் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் இவர். பிறகு ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினார். வாங்கியதோடு நிற்காமல், யார் யாரிடம் அப்படிச் சொன்னாரோ அவர்களையெல்லாம் நினைவுபடுத்திப் பிடித்து, "அன்னைக்கு நான் சொன்னது தப்பு, கேட்டேளா" என்று சொல்லிவிட்டு வந்தார். பாதிப்பேருக்கு இவர் என்ன சொன்னார் என்பதே ஞாபகமில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மூக்காண்டி இப்படியெல்லாம் இல்லை. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது, புது ஆம்பிளிஃபயர், பளபளவென்று நாலு குழாய், தனக்குத் தெரியாதது கிடையாது என்ற நினைப்பு. கடையநல்லூரிலிருந்து கைலி மூட்டையோடு சந்தைக்கு வருகிற ஜவுளி வியாபாரி சேக் மைதீன், ஒருநாள் கடைக்கு வந்து உட்கார்ந்தார். மூத்த மகள் ஷம்சாத் பேகத்துக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி நிக்காஹ், செட்டு வேண்டும் என்றார். கூடவே மகளின் ஆசை ஒன்றையும் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். மாப்பிள்ளை ஊர்வலம் தெருவுக்குள் திரும்பும்போது ஒரு குறிப்பிட்ட பாட்டைப் போட வேண்டும். உள்ளறையில் பெண்களுக்கு நடுவே முக்காட்டோடு உட்கார்ந்திருப்பவளுக்குத் தெருவில் நடப்பது எதுவும் தெரியாது. அந்தப் பாட்டுக் கேட்டால் அவர் வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வாள்.

மூக்காண்டிக்கு அந்த ஆசை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அந்த ரெக்கார்டுக்காகவே மதுரைக்கு பஸ் ஏறி, நாலு கடை அலைந்து வாங்கிவந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், குழாய் கட்டுகிற வெள்ளத்துரையையும் கூட்டிக்கொண்டு சாமான்களோடு கடையநல்லூரில் போய் இறங்கினார். அங்கே பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரியாணி தேக்சாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தது. கல்யாணம் முந்தின நாள் ராத்திரியே முடிந்துபோயிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். சேக் மைதீன் வீட்டுக் கணக்கில் பொழுது அடைந்தால் அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. வியாழக்கிழமை சூரியன் மறைந்ததும் வருவது வெள்ளிக்கிழமை ராத்திரி. மூக்காண்டிக்கோ பொழுது விடிந்தால்தான் நாள். வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் வெள்ளிக்கிழமை பகல் முடிந்து வருகிற ராத்திரி. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லி, ஆளுக்கொரு ராத்திரியை மனதில் வைத்துக்கொண்டு, கைகுலுக்கிப் பிரிந்திருக்கிறார்கள்.

ஊருக்குத் திரும்பிய மூக்காண்டி கொதித்தார். "வெள்ளின்னா வெள்ளி. வியாழனப் பிடிச்சு வெள்ளின்னு சொன்னா அதுக்கு நானா பொறுப்பு?" என்று டீக்கடை, பூக்கடை, சலூன் என்று ஓரிடம் விடாமல் நியாயம் கேட்டார். சங்கரனும் நாராயணனும் ஒரே உடம்பில் ஆளுக்குப் பாதியாக நிற்கிற ஊர் இது. எந்த வழக்கு வந்தாலும் பாதி பாதி என்று தீர்த்துவைப்பது ஊர்க்காரர்களுக்குக் கைவந்த கலை. "பாதித் தப்பு உன்மேல, பாதித் தப்பு பாய்மேல" என்று பஜார் தீர்ப்புச் சொன்னது. மூக்காண்டி அந்தப் பாதியையும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

சங்கரம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் மத்தியானம் சோறு போடும்போது, கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க சொல்லுதது சரியாவே இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்குப் பாட்டு கேட்டுச்சா?"

மூக்காண்டி குழம்பு கேட்டார். சங்கரம்மாள் விடவில்லை. தன் அண்ணன் சங்கரசுப்புவின் கதையை எடுத்தார். விருதுநகரில் நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டேமுக்காலுக்கு மெட்ராஸ் ரயில். டிக்கெட்டில் வெள்ளிக்கிழமை என்று போட்டிருந்தது. சங்கரசுப்பு வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு, பெட்டியோடு போய் நின்றார். ரயில் முந்தின ராத்திரியே போய்விட்டது. அன்றைக்கு மச்சானைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர் மூக்காண்டி. "எந்த வெள்ளின்னு ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையா மச்சான்?" என்று அவர் கேட்டதைச் சங்கரம்மாள் அதே குரலில் சொல்லிக்காட்டினார்.

மூக்காண்டி சோற்றைப் பிசைந்தபடியே இடது கை விரலை ஒவ்வொன்றாக மடக்கினார். பொழுது விடிந்தால் ஒரு நாள், அடைந்தால் ஒரு நாள், ரயில்காரனுக்கு நடுராத்திரியில் ஒரு நாள். "அப்பம் இந்த ஊர்ல ராத்திரி மூணு இருக்கு, சங்கரம்மா. நான் ஒண்ணுதான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கடையநல்லூருக்குப் போனார். சேக் மைதீன் இவரைப் பார்த்ததும், சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "பாதி வேண்டாம் பாய், முழுத் தப்பும் என்னதுதான். எந்த வெள்ளின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார் மூக்காண்டி. பாய் நெகிழ்ந்துபோனார். "நானும் எந்த வெள்ளின்னு சொல்லியிருக்கணும்லா வே" என்று சொல்லி, கறியும் இடியாப்பமும் சாப்பிடாமல் விடவில்லை. அவர் மனைவி மகபூப் பீவி கதவுக்குப் பின்னாலிருந்து ஒன்றே ஒன்று சொன்னார். அதில் கோபமே இல்லை. அதனால்தான் அது மூக்காண்டியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

"மாப்பிள்ளை வந்து உக்காந்தாச்சுன்னு நாங்க சொல்லுதோம், தம்பி, அவ நம்பல. பாட்டு இன்னும் கேக்கலையேங்குதா. தெருப்பக்கமே காதை வச்சுக்கிட்டு இருந்தா."

அன்றிலிருந்துதான், சொன்னதைத் தப்பாகத் திருப்பிச் சொல்லிப் பார்க்கிற இந்தப் பழக்கம். அதோடு, பாய்மார் கணக்கில் வெள்ளி ராத்திரி என்றால் நம் கணக்கில் வியாழன் ராத்திரி என்பதைச் சமையல்காரர்கள், பூக்காரர்கள், பேண்டு செட்டுக்காரர்கள் எல்லோருக்கும் பாடமாகவே நடத்தினார். முஸ்லிம் வீட்டு நோட்டீஸ்களில் 'வியாழன் பின்னேரம் வெள்ளி இரவு' என்று தெளிவாகவே போடுகிறார்கள் என்பதையும் கண்டுபிடித்து, அதைக் காட்டிக் காட்டி விளக்கினார். பஜாரில் யாருக்காவது சந்தேகம் வந்தால் மூக்காண்டியைக் கேள் என்று ஆகிவிட்டது. அவருக்கும் அதில் கொஞ்சம் மிதப்பு இருந்தது. மதுரையில் வாங்கிய அந்த ரெக்கார்டை மட்டும் வேறு எந்தக் கல்யாணத்திலும் அவர் போட்டதில்லை. அது பெட்டியின் அடியில், துணி சுற்றியபடி எல்லா ஊருக்கும் போய் எல்லா ஊரிலிருந்தும் திரும்பி வந்துகொண்டிருந்தது.

போன மாதம் சேக் மைதீன் மறுபடி கடைக்கு வந்தார். தாடி நரைத்துவிட்டது. மகன் மன்சூர் அலி துபாயில் இருக்கிறான். இளையவள் அலிமாவுக்குக் கல்யாணம். "வெள்ளிக்கிழமை ராத்திரி, மூக்காண்டி" என்றார். பிறகு முன்னால் குனிந்து, கண்ணைச் சிமிட்டாத குறையாக, "வெள்ளிக்கிழமை" என்று இன்னொரு தடவை அழுத்திச் சொன்னார்.

"தெரியும் பாய். அதை எனக்குச் சொல்லணுமா?" என்று மூக்காண்டி சிரித்தார். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் முழுக்கப் புரிந்துகொண்ட திருப்தியோடு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் அத்தனை பேரிடமும் தப்பாகத் திருப்பிச் சொல்லிச் சோதிக்கிறவர், அன்று அந்த ஒருவரிடம் மட்டும் சோதிக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானமே மூக்காண்டியும் வெள்ளத்துரையும் கடையநல்லூர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இந்தத் தடவை பிந்தக்கூடாது என்று மூக்காண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் பந்தல் பாதிதான் போட்டிருந்தது. சரி, சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டார். மகபூப் பீவி மோர் கொடுத்தனுப்பி, இவ்வளவு முன்னாலேயே வந்துவிட்டார்களே என்று சந்தோஷப்பட்டார். இவர்களும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, வேப்பமரத்தில் இரண்டு குழாய், மொட்டைமாடியில் இரண்டு குழாய் என்று கட்டி முடித்தார்கள்.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வந்த சேக் மைதீன், வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தபடி தெருவிலேயே நின்றுவிட்டார்.

"என்னவே இது, இன்னைக்கே கட்டியிருக்கீரு?"

"வெள்ளி ராத்திரில்லா பாய்."

"நாளைக்குலாவே வெள்ளி ராத்திரி. உமக்கு மறுபடி குழப்பம் வரக்கூடாதுன்னு, நான் உம்ம வெள்ளியவே சொன்னேன்."

"நான் உங்க வெள்ளின்னு எடுத்துக்கிட்டேனே."

மன்சூர் அலிக்கு துபாயில் லீவு கிடைத்த கணக்குப்படி, அவன் திருவனந்தபுரத்தில் வந்து இறங்குவதே வெள்ளிக்கிழமை காலையில். அண்ணன் இல்லாமல் கல்யாணம் வேண்டாம் என்று அலிமா சொல்லிவிட்டாள். அதனால் நிக்காஹை ஒரு ராத்திரி தள்ளி, தங்கள் கணக்கில் சனி ராத்திரி என்று வைத்தார்கள். அதைத்தான் மூக்காண்டியின் கணக்குக்கு மாற்றி, வெள்ளி ராத்திரி என்று சேக் மைதீன் சொல்லியிருக்கிறார். மூக்காண்டி அதை மறுபடி பாயின் கணக்குக்கு மாற்றிவிட்டார். ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் தங்கள் தங்கள் தப்பைத் திருத்திக்கொண்டதில், மறுபடி ஒரு ராத்திரி இடறிவிட்டது.

சேக் மைதீன் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இந்தத் தடவை பாதி எனக்கு, பாதி உமக்கு. உங்க ஊரு சாமி கணக்கு" என்றார். மரத்தின் மேல் குழாயைத் திருப்பிவைத்துக்கொண்டிருந்த வெள்ளத்துரை அங்கிருந்தே சிரித்தார். வீட்டுக்குள் பெண்கள் சிரிக்கும் சத்தமும் கேட்டது.

மூக்காண்டி மட்டும் சிரிக்கவில்லை. ரெக்கார்டுப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, தப்பு எந்த இடத்தில் நடந்தது என்று விரலை மடக்காமல் மனசுக்குள்ளேயே பின்னால் போய்ப் பார்த்தார். கடையில் பாய் குனிந்து சொன்ன இடத்தில் வந்து நின்றார். "தெரியாததை யாருன்னாலும் கேட்டுருவோம் பாய். தெரியும்னு நெனச்சதைத்தான் நான் கேக்காம விட்டுட்டேன்" என்றார். ஊர் திரும்பியதும் சமையல்காரர், பூக்காரர் ஒவ்வொருவரையும் பிடித்து, தான் நடத்திய பாடத்தில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும்தான் அவருக்கும் சிரிப்பு வந்தது. வந்தபிறகு லேசில் நிற்கவில்லை.

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவர், வாசல்நடையில் நிற்கிற பெண்ணைப் பார்த்தார். இடுப்பில் ஒரு குழந்தை, சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. தங்கை கல்யாணத்துக்காகப் புருஷன் வீட்டிலிருந்து வந்திருக்கிற ஷம்சாத் பேகம். மூக்காண்டி எழுந்தார். பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து துணி சுற்றிய ரெக்கார்டை எடுத்துக்கொண்டு நடைக்கு முன்னால் போய் நின்றார்.

"தங்கச்சி, அன்னைக்கு நீங்க கேட்ட பாட்டு, ரெண்டாம் பக்கத்துல கடைசிப் பாட்டு. அப்படித்தானே?"

"இல்ல அண்ணாச்சி" என்றாள் ஷம்சாத் பேகம், ஒரு நொடிகூட யோசிக்காமல். "மொதப் பக்கம். மொதப் பாட்டு."

மூக்காண்டி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அவளுடைய மாப்பிள்ளை எங்கே என்று விசாரித்தார். நாளைய விருந்துக்கு ஆடு பிடித்துவரப் போயிருக்கிறாராம், வருகிற நேரம்தான். செட்டு கட்டியாயிற்று, கரண்டும் இருக்கிறது, பொழுது அடைய இன்னும் நேரமிருக்கிறது. தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்படி வெள்ளத்துரைக்குச் சொல்லிவிட்டு, ரெக்கார்டைத் துடைத்துத் தட்டில் ஏற்றினார். முள்ளைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். என்ன நடக்கப்போகிறது என்று சொல்லாமலே வீட்டுக்குள் இருந்த பெண்கள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

மரத்திலிருந்து வெள்ளத்துரை துண்டை வீசிக் காட்டினார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வர மறுக்கிற ஒரு கிடாயைக் கயிற்றோடு இழுத்தபடி ஷம்சாத் பேகத்தின் புருஷன் தெருவுக்குள் திரும்பினார். மூக்காண்டி முள்ளை வைத்தார். நாலு குழாயிலும் பாட்டு எழுந்தது. மாப்பிள்ளை திகைத்துப்போய் நடுத்தெருவில் நின்றார், கிடாயும் நின்றது. நடையில் ஷம்சாத் பேகம் இடுப்பில் இருந்த குழந்தையை இறக்கிவிட்டு, முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மூக்காண்டி அதைப் பார்க்கவில்லை. அவர் அதற்குள் மாப்பிள்ளையையும் கிடாயையும் தாண்டி விறுவிறுவென்று தெருக்கோடிக்குப் போய், காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு நின்றார்.